எரிக் டிக்கர்சனின் 1,808 யார்டு: எவ்வளவு அவருடையது, எவ்வளவு அணியுடையது?

1983-ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்தில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்காக எரிக் டிக்கர்சன் தமது முதல் சீசனிலேயே ஓடிச் சேர்த்த 1,808 யார்டு, ஒரு சீசனுக்கு 17 ஆட்டங்கள் என்று ஆன பின்னும் எந்தப் புதுமுக வீரராலும் எட்டப்படாமல் இருக்கிறதே, அதற்கு அவருடைய திறமை காரணமா, அல்லது அவர் கையில் பந்தை அத்தனை முறை கொடுத்ததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் வீரரான ஒரு ரன்னிங் பேக்கின் பெயரில் எழுதப்படும் யார்டுகளில் எவ்வளவு அவர் ஈட்டியது, எவ்வளவு அவருக்கு வழி திறந்துவிட்டவர்கள் ஈட்டித் தந்தது என்பது ஒன்று. அந்த எண்ணிக்கை இவ்வளவு காலம் ஏன் நிலைத்திருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு உறுதியான பதில் உண்டு. முதலாவதற்கு ஓர் எல்லை வரைதான் உறுதியாகப் பேச முடியும். அதற்கு மேல் சொல்வதெல்லாம் என் மதிப்பீடு. டெக்சஸில் ஓர் உயர்நிலைப் பள்ளி அணியின் ரன்னிங் பேக்குகளுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். டிக்கர்சனின் பழைய ஆட்டப் பதிவுகளை நிறுத்தி நிறுத்தி மாணவர்களுக்குக் காட்டுவது அந்த வேலையில் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த சீசனின் 16 ஆட்டங்களில் அவர் 390 முறை பந்தை வாங்கிக்கொண்டு ஓடினார். 1,808 யார்டு முன்னேறி, ஓட்டத்தாலேயே 18 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்து எடுக்கும் புள்ளிகள்) எடுத்தார். அதோடு 51 பாஸ்களைப் பிடித்து 404 யார்டும் 2 டச் டவுனும் சேர்த்தார். ஓட்டமும் பிடிப்பும் சேர்த்தால் 2,212 யார்டு, 20 டச் டவுன். புதுமுகங்களில் மட்டுமல்ல, அவ்வாண்டு என்.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக் முழுவதிலுமே ஓட்டத்தில் முதலிடம் அவருக்குத்தான். அடுத்து வந்த அட்லாண்டாவின் வில்லியம் ஆண்ட்ரூஸ் 1,567 யார்டில் நின்றார். புதுமுக வீரர்களுக்கான முந்தைய சாதனை, 1981-இல் நியூ ஆர்லியன்ஸ் அணியின் ஜார்ஜ் ராஜர்ஸ் ஓடிய 1,674 யார்டு. அதை 134 யார்டு வித்தியாசத்தில் டிக்கர்சன் தாண்டினார். அவ்வாண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதும் அவரையே சேர்ந்தது.

அவர் வந்து சேர்ந்த சூழ்நிலையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த எண்களை எடைபோட முடியாது. டெக்சஸின் சீலி என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஜேம்ஸ் என்ற இன்னொரு நல்ல ஓட்டக்காரருடன் பந்தைப் பங்கிட்டுக்கொண்டு ஆடியவர். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1983-இல், ஜான் எல்வேக்கு அடுத்து இரண்டாவது ஆளாக ராம்ஸ் அவரை எடுத்தது. வேலைநிறுத்தத்தால் சுருங்கிப்போன 1982 சீசனில் அந்த அணி 2 ஆட்டங்களில் மட்டுமே வென்று 7-இல் தோற்றிருந்தது. டிக்கர்சன் வந்த அதே ஆண்டில்தான் ஜான் ராபின்சன் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஒயிட், மார்கஸ் ஆலன் ஆகிய இருவரையும் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வரை கொண்டுசென்றவர் அவர். ஒரே ஓட்டக்காரரிடம் பந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, ஆட்டத்தின் கடைசி கால் பகுதியில் எதிரணியைக் களைப்படைய வைப்பதில் உறுதியான நம்பிக்கை கொண்டவர். ராம்ஸ் 1983-ஐ 9 வெற்றி, 7 தோல்வி என்று முடித்தது. இந்த ஏற்றத்துக்கு டிக்கர்சனே காரணம் என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் புதிய பயிற்சியாளரும் புதிய ஓட்டக்காரரும் ஒரே ஆண்டில் உள்ளே வந்திருக்கும்போது, பலனை ஒருவர் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது.

எதிரணியினரை மோதி விலக்கி ஓட்டக்காரருக்கு வழி திறக்கும் முன்வரிசைத் தடுப்பாளர்கள் விஷயம் இன்னும் முக்கியம். ஜாக்கி ஸ்லேட்டர், டென்னிஸ் ஹாரா, டக் ஸ்மித், கென்ட் ஹில், பில் பெய்ன் ஆகிய ஐவரும் அவருக்கு முன்பே அந்த அணியில் இருந்தவர்கள். ஸ்லேட்டர் பின்னாளில் புகழ் மன்றத்திலேயே இடம்பெற்றார். ராபின்சன் அடிக்கடி ஆடவைத்த '47 கேப்' என்ற ஆட்டத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் போகவேண்டிய பக்கத்திலுள்ள தடுப்பாளர்கள் தமக்கு நேரே நிற்பவரை விட்டுவிட்டு, உட்புறம் நிற்பவரைப் பக்கவாட்டில் மோதி நடுப்பக்கமாகத் தள்ளுவார்கள். வரிசையின் மறுபக்கத்திலுள்ள கார்டு என்னும் தடுப்பாளர் தன் இடத்திலிருந்து பின்வாங்கி, வரிசைக்குப் பின்னாலேயே குறுக்காக ஓடிவந்து, அப்படித் திறந்த இடைவெளியில் முதல் ஆளாக நுழைந்து அங்கு வரும் லைன்பேக்கரை, அதாவது எதிரணியின் இரண்டாம் வரிசை வீரரை, மோதி அகற்றுவார். அவர் முதுகை ஒட்டியே டிக்கர்சன் வருவார். இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தால் முதல் 4, 5 யார்டு கிட்டத்தட்ட இலவசம். எங்கள் பள்ளி அணியில் சராசரியான ஒரு பையன்கூட அந்த யார்டுகளை எடுத்துவிடுவான். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் ஓட்டக்காரர்களுக்குள் தரம் பிரிகிறது.

அந்த இடத்தில் டிக்கர்சன் செய்ததைப் பதிவில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரியும். முதலாவது, காத்திருத்தல். பந்து கைக்கு வந்தவுடன் அவர் முழு வேகம் எடுப்பதில்லை. குறுக்கே ஓடிவரும் கார்டு தனக்கு முன்னால் வந்து சேரும்வரை இரண்டு, மூன்று அடிகளை அளந்து வைப்பார். இடைவெளி கண்ணில் பட்ட கணத்தில் வேகத்தை மாற்றுவார். இரண்டாவது, அந்த வேகமாற்றம் உடம்பில் வெளியே தெரியாது. 6 அடி 3 அங்குல உயரம், சுமார் 220 பவுண்டு எடை. அந்த உடம்போடு நிமிர்ந்த நிலையில், நீண்ட எட்டுகளாக வைத்து, சிரமமே இல்லாதவர் போல ஓடுவார். எந்தக் கோணத்தில் ஓடிவந்தால் அவரை எட்டலாம் என்று கணக்கிட்டுப் புறப்படும் எதிரணி வீரர், அருகில் வரும்போது அவர் இரண்டடி முன்னால் போய்விட்டதைக் காண்பார். எதிரணியின் பின்வரிசை வீரர்கள் இப்படித் தவறான கோணத்தில் வருவதைப் பதிவுகளில் மறுபடி மறுபடி பார்க்கலாம். அந்த சீசனில் அவருடைய மிக நீண்ட ஓட்டம் 85 யார்டு. முன்வரிசைத் தடுப்பாளர் யாரும் ஒருவருக்கு 85 யார்டு கொடுக்க முடியாது. அவர்கள் கொடுப்பது முதல் சில யார்டுகளைத்தான். கிட்டப்பார்வை உள்ளவர் என்பதால் ஹெல்மெட்டுக்குள் கண்ணாடிக் கவசம் அணிந்து ஆடினார் என்பதையும் சொல்லவேண்டும். பக்கவாட்டில் வருபவரை அவர் உணர்ந்துகொண்ட விதம் அதனாலேயே எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது.

அதே நிமிர்ந்த ஓட்டத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அந்த முதல் சீசனில் அவர் 13 முறை பந்தை நழுவவிட்டார். சாதனைப் பட்டியல்களைப் பகிர்பவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பந்தைப் பிடிக்க நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முறையில் ஐந்து இடங்கள் அழுந்தவேண்டும்: விரல் நுனிகள் பந்தின் முனையை மூடவேண்டும், உள்ளங்கை, முன்கை, மேல்கைத் தசை ஆகியவை அதை அணைக்கவேண்டும், மறுபுறம் விலா எலும்பில் பதியவேண்டும். நீண்ட எட்டு வைத்து நிமிர்ந்து ஓடுபவருக்குக் கை இயல்பாகவே ஊஞ்சலாட விரும்பும்; பந்து விலாவை விட்டு விலகும்; பின்னாலிருந்து வரும் ஒரு குத்து போதும். டிக்கர்சனின் நழுவல்களுக்கு இதுதான் காரணம் என்பது நான் பார்த்தவற்றை வைத்து நான் வந்த முடிவு. ஒரு சீசனில் 441 முறை பந்தைக் கையாண்டவருக்கு வாய்ப்புகளே அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆனால் 1984-லும் 14 முறை நழுவவிட்டார் என்பதால், இதை வெறும் புதுமுகப் பதற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சரி, அவர் பங்கு எவ்வளவு, அணியின் பங்கு எவ்வளவு? இன்று ஒவ்வொரு வீரரின் தோள் கவசத்திலும் பொருத்தப்பட்ட சில்லு அவர் எங்கே, எந்த வேகத்தில் ஓடினார் என்று பதிவுசெய்கிறது. தடுப்பாளர்களும் எதிரணியினரும் நின்ற நிலையை வைத்து ஓர் ஓட்டத்தில் எத்தனை யார்டு எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஓட்டக்காரர் எடுத்ததைப் பிரித்துக் காட்டுகிறார்கள். 1983-க்கு அப்படிப்பட்ட தரவே கிடையாது. ஆகவே 60 சதவீதம், 40 சதவீதம் என்று யாராவது பிரித்துச் சொன்னால் அதை நம்பாதீர்கள். நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு இயற்கையான சோதனை. அது 1987-இல் நடந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று, நீண்ட ஊதியத் தகராறுக்குப் பின், மூன்று அணிகளுக்கு இடையிலான ஒரு பரிமாற்றத்தில் ராம்ஸ் டிக்கர்சனை இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டது. அவர் போனபின் ராபின்சன் அதே தாக்குதல் முறையைத் தமது பழைய மாணவர் சார்ல்ஸ் ஒயிட்டை வைத்து ஆடினார். ஒயிட் அதற்கு முன் என்.எஃப்.எல்-இல் பெரிதாக எதுவும் சாதிக்காதவர். அந்த சீசனில் 1,374 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். சில வாரங்கள் மாற்று வீரர்களைக் கொண்டு ஆடப்பட்ட வேலைநிறுத்த ஆண்டு என்பதால் அந்த எண்ணைச் சற்றுத் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ளவேண்டும். ஆனால் டிக்கர்சனுக்கு ஈடாக வந்தவர்களில் ஒருவரான கிரெக் பெல்லும் 1988-இல் 1,212 யார்டும், 1989-இல் 1,137 யார்டும் ஓடினார். அவ்விரு சீசன்களில் ஓட்டத்தால் 16, 15 டச் டவுன்களும் எடுத்தார். ராபின்சனின் முறையும் ராம்ஸின் முன்வரிசையும் திறமையான எந்த ஓட்டக்காரரையும் 1,100, 1,200 யார்டு வரை கொண்டுசேர்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். சீசனின் நடுவில், பழக்கமில்லாத ஓர் அணியில் போய்ச் சேர்ந்த டிக்கர்சன், கோல்ட்ஸுக்காக 9 ஆட்டங்களிலேயே 1,011 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு 1,659 யார்டோடு மறுபடி லீக்கின் முதலிடத்துக்கு வந்தார். ராபின்சனும் இல்லை, ஸ்லேட்டரும் இல்லை. அவர் மட்டும் அப்படியே இருந்தார். இந்தச் சோதனை முழுத் தூய்மையானது என்று சொல்லமாட்டேன். ஏனென்றால் கோல்ட்ஸிலும் கிறிஸ் ஹின்டன், ரே டொனால்ட்சன் போன்ற முதல்தரத் தடுப்பாளர்கள் இருந்தார்கள். இருந்தாலும், ராபின்சனின் அதே முறையில் மற்றவர்கள் 1,200-ஐ ஒட்டி நின்ற இடத்தில் டிக்கர்சன் 1983-இல் 1,808-உம், 1984-இல் ஓ.ஜே. சிம்சனின் 2,003-ஐ முறியடித்த 2,105-உம் ஓடினார் என்றால், இடைப்பட்ட சில நூறு யார்டுகள் அவருடையவை என்றே நான் மதிப்பிடுகிறேன். நீங்கள் கேட்ட 'அல்லது' இந்த விஷயத்துக்குப் பொருந்தாது. அடித்தளத்தை அணி போட்டது, அதற்கு மேல் எழும்பிய உயரம் அவர் கொண்டுவந்தது.

பந்தை அதிக முறை கொடுத்ததால் வந்த எண்தானே என்ற உங்கள் ஐயத்தில் உண்மை இருக்கிறது. ஓட்டத்துக்குச் சராசரி 4.6 யார்டு என்பது நல்ல சராசரி, அவ்வளவே, வியக்கத்தக்கதல்ல. கிரிக்கெட்டில் மொத்த ரன்னையும் ஸ்டிரைக் ரேட்டையும் தனித்தனியே பார்ப்பது போல இங்கும் பார்த்தால், 1989-இல் டெட்ராய்ட்டின் பாரி சாண்டர்ஸ் தமது முதல் சீசனில் 280 ஓட்டங்களில் 1,470 யார்டு எடுத்ததை, ஓட்டத்துக்கு 5.25 யார்டு என்ற கணக்கில், நான் டிக்கர்சனுடைய சீசனுக்கு மேலாகவே வைப்பேன். கடைசி ஆட்டத்தில் லீக்கின் முதலிடத்துக்கு வெறும் 10 யார்டு குறைவாக இருப்பது தெரிந்தும், வெற்றி உறுதியாகிவிட்டதால் சாண்டர்ஸ் மறுபடி களமிறங்க விரும்பவில்லை. அந்த மனிதரின் குணத்தைக் காட்ட அது ஒன்றே போதும். ஆனால் சாண்டர்ஸின் சராசரியை 390-ஆல் பெருக்கி 2,000-க்கு மேல் வரும் என்று சொல்வதும் பிழை. ஓர் ஆட்டத்துக்கு 24 முறைக்கு மேல் மோதல்களைத் தாங்கும்போது கால்கள் கனக்கின்றன, பந்து யாரிடம் போகும் என்று தெரிந்தே எதிரணி ஆட்களைக் குவிக்கிறது, சராசரி இறங்குகிறது. அவ்வளவு முறை ஓடியும் 4.6-இல் நிற்க முடிந்தது டிக்கர்சனின் தனிச்சிறப்பு. அதே டிராஃப்டில் அவருக்கு அடுத்ததாக எடுக்கப்பட்டு, சியாட்டில் அணியில், அங்கும் புதிதாக வந்த ஒரு பயிற்சியாளரின் கீழ் ஆடிய கர்ட் வார்னர் 335 ஓட்டங்களில் 1,449 யார்டு எடுத்தார், சராசரி 4.3. நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் இதுதான் சரியான ஒப்பீடு.

ஓட்டக்காரர் எவ்வளவு தூரம் ஆட்டத்தின் போக்கைச் சார்ந்தவர் என்பதையும் அந்த சீசனே காட்டியது. சீசன் முடிந்தபின் நடக்கும் பிளே ஆஃபில் டல்லஸை 24-17 என்று வென்ற ராம்ஸ், அடுத்த வாரம் வாஷிங்டனிடம் 51-7 என்று தோற்றது. டிக்கர்சன் 10 முறை ஓடி 16 யார்டு மட்டுமே எடுத்தார். வாஷிங்டனின் தற்காப்பு பலமானது என்பது ஒரு காரணம். ஆரம்பத்திலேயே பெரிய இடைவெளியில் பின்தங்கிவிட்ட அணியால் ஓட்டத்தை நம்ப முடியாது, பாஸ்தான் வீசியாகவேண்டும் என்பது இன்னொரு காரணம்.

இனி, இந்த எண் ஏன் நிற்கிறது? 390 ஓட்டங்கள் என்பதே இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2006-இல் கான்சஸ் சிட்டியின் லாரி ஜான்சன் 416 முறை ஓடியதற்குப் பிறகு, 2014-இல் டல்லஸின் டிமார்கோ மரே மட்டுமே 390-ஐத் தாண்டினார். இருவருமே புதுமுகங்கள் அல்லர். அணிகள் பாஸை நோக்கி நகர்ந்துவிட்டன. ஓட்டத்தை இரண்டு, மூன்று பேருக்குப் பங்கிடுகின்றன. 2013, 2014 டிராஃப்டுகளின் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை. 300 ஓட்டங்களில் 1,808-ஐத் தாண்டவேண்டுமானால் சராசரி 6 யார்டுக்கு மேல் வேண்டும். மிகச் சிறந்த புதுமுக சீசன்களில்கூட, 2002-இல் டென்வரின் கிளின்டன் போர்ட்டிஸ் 5.5, 2007-இல் மின்னசோட்டாவின் ஏட்ரியன் பீட்டர்சன் 5.6 என்ற அளவில்தான் இருந்தார்கள். அதுவும் 300-க்குக் குறைவான ஓட்டங்களில்.

17-ஆவது ஆட்டம் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறது என்பது உண்மைதான். 2016-இல் டல்லஸின் எஸக்கியேல் எலியட் 15 ஆட்டங்களில் 322 முறை ஓடி 1,631 யார்டு எடுத்தார். அதே வேகத்தில் 17 ஆட்டங்கள் ஆடியிருந்தால் 1,848 வரும். ஆனால் அதற்கு அவர் 365 முறை ஓடவேண்டியிருக்கும். புதுமுகம் ஒருவரிடம் அவ்வளவை ஒப்படைக்க இன்றைய பயிற்சியாளர்களில் மிகச் சிலரே துணிவார்கள். என்னைக் கேட்டால், 1,808-க்கு முன்பாக, ஓட்டமும் பிடிப்பும் சேர்ந்த அவருடைய 2,212 விழும். இன்றைய ஓட்டக்காரர்கள் பாஸ் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். 2018-இல் நியூயார்க் ஜயன்ட்ஸின் சேக்வான் பார்க்லி முதல் சீசனிலேயே 91 பாஸ்களைப் பிடித்து, ஓட்டத்தோடு சேர்த்து 2,028 யார்டு எடுத்தார். அதை 17 ஆட்டங்களுக்கு நீட்டினால் 2,155 வரை போகும், இன்னும் போதாது. 1999-இல் இண்டியனாபொலிஸின் எட்ஜரின் ஜேம்ஸ் 16 ஆட்டங்களில் எடுத்த 2,139-ஐ அதேபோல் நீட்டினால் 2,273 ஆகிவிடும். டிக்கர்சனைத் தாண்ட அது போதுமானது.